அந்த ஒரு வருஷத்தை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இந்த வருஷம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கோயம்புத்தூரில் ஒரு ஆபீஸில் ‘ஐ.டி. அப்ரண்டிஸ், வேலை உறுதி’ என்கிறார்கள். 45,000 ரூபாய் கட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுக்க வேண்டுமாம். மூன்று மாதம் கழித்துத்தான் சம்பளம். மாட்டை விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார் அப்பா. கேரளாக்காரர்கள் கேரளாவில்தான் அப்ரண்டிஸ் சேர முடியும் என்றும் ஒருவர் சொன்னார். என்ன செய்யட்டும் அக்கா?

மாட்டை விற்க வேண்டாம். முதலில் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

அப்ரண்டிஸ் என்பது நாம் பணம் கட்டிச் சேருகிற கோர்ஸ் இல்லை, தங்கச்சி. 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி நடக்கும் காலம் முழுக்க கம்பெனிதான் நமக்கு உதவித்தொகை தர வேண்டும். 2019-இல் திருத்திய விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2025-இல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. நீங்கள் சேரும் நாளில் நடப்பில் இருக்கும் தொகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ‘மூன்று மாதம் சும்மா, அப்புறம் சம்பளம்’ என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

‘வேலை உறுதி’ என்ற வார்த்தையும் எனக்கு உறுத்துகிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல கம்பெனிகள் ‘நன்றாகச் செய்தால் எடுத்துக்கொள்வோம்’ என்றுதான் சொல்லும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம். மேஜையில் வைத்துக் காட்டி, அங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

அந்த ஆபீஸில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஒப்பந்தத்தை எந்தப் போர்ட்டலில் பதிவு செய்வீர்கள்?” பட்டதாரிகளுக்கு இருப்பது நாட்ஸ் என்கிற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம். மத்தியக் கல்வி அமைச்சகத்துடையது. அதில் நீங்களும் பதிவு செய்ய வேண்டும், கம்பெனியும் பதிவு செய்திருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் நடுவில் ஒப்பந்தம் அங்கேயே பதிவாக வேண்டும். பதிவு எண் இல்லாவிட்டால் வாசலில் என்ன போர்டு மாட்டியிருந்தாலும் அது அப்ரண்டிஸ் பயிற்சி ஆகாது. தேடும்போது நாப்ஸ் என்று இன்னொரு திட்டமும் கண்ணில் படும். அது திறன் மேம்பாட்டு அமைச்சகத்துடையது. ஐ.டி.ஐ.யில் கோப்பா என்கிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு படித்தவர்களெல்லாம் அந்த வழியாகப் போவார்கள். உங்கள் டிகிரிக்கு நாட்ஸிலிருந்தே தொடங்குங்கள்.

கேரளாவுக்குள்தான் சேர முடியும் என்பது தவறு. தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம், சென்னை தரமணியில் இருக்கிறது. வேலந்தாவளம் எல்லை தாண்டி கோயம்புத்தூரிலும் சேரலாம், கொச்சி இன்ஃபோபார்க்கிலோ திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலோ கிடைத்தால் அங்கேயும் சேரலாம். கேரளாவில் களமசேரியில் உள்ள சூப்பர்வைசரி டெவலப்மென்ட் சென்டர் இந்த வாரியத்தோடு சேர்ந்து நேர்முகத் தேர்வு முகாம்கள் நடத்துகிறது. அந்த அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பதிவு செய்யும்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரே முழுசாக விரிந்து கிடக்கும். ‘ழ’ வரும் பெயருக்கு ஒவ்வொரு காகிதத்திலும் ஒரு ஸ்பெல்லிங். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் எஸ்.எஸ்.எல்.சி.யில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிட்டு, பேங்க் கணக்கோடு ஆதாரை இணையுங்கள். உதவித்தொகையில் அரசின் பங்கு நேராக அந்தக் கணக்கில்தான் விழும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாட்ஸில் ஒரு முறை பயிற்சி முடித்தவர் மறுபடி சேர முடியாது. ஒரு வருஷம் எங்காவது வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும் தகுதி போய்விடும். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வருஷம். அதை எந்தக் கம்பெனியிடம் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் அந்த வருஷத்தைத் தொலைத்தவள். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் இடத்தில் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தால் ஸ்கேன் செய்த பாரங்களைப் பார்த்து எக்செல்லில் முகவரி அடிப்பது, சாயங்காலம் வரை. வருஷம் முடிந்தபோது பின்கோடுகள் மனப்பாடமாகியிருந்தன, நான் எழுதிய நிரல் என்று காட்ட ஒரு வரி இல்லை. அடுத்த இன்டர்வியூவில் “என்ன செய்தீர்கள்?” என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கம்பெனி பெரியதா சின்னதா என்பதை நான் பெரிதாகப் பார்க்க மாட்டேன். நாம் எழுதும் நிரலைப் படித்து, தப்பு எங்கே என்று சொல்ல ஒரு மனுஷர் பக்கத்தில் இருக்கிறாரா? அதைத்தான் பார்ப்பேன். இன்டர்வியூவில் “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்பார்கள். சம்பளம், லீவு கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் எந்த வேலையில் உட்கார வைப்பீர்கள், என் நிரலை யார் பார்ப்பார், போன வருஷம் வந்த அப்ரண்டிஸ் இப்போது என்ன செய்கிறார் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள். ஓவர்டைமும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் அதிகாரியான அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்க முடியாது.

இங்கிலீஷ் வராதே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். பின்னாளில் நானே ஆள் எடுக்க உட்கார்ந்தபோது, பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். அவன் வீடு பால் சொசைட்டியில் ஊற்றுகிற வீடு. காலைப்பால், மாலைப்பால் அளவையும் கொழுப்பையும் போட்டால் பத்து நாள் கணக்கு எவ்வளவு வர வேண்டும் என்று காட்டும் சின்ன நிரல் ஒன்றை பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி வைத்திருந்தான். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, “கொழுப்பு காலியாக இருந்தால் முதலில் இது நின்றுபோகும். அப்புறம் இந்த வரியைச் சேர்த்தேன்” என்று பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் சொன்னான். அந்த ஒரு வரிக்காகவே அவனை எடுத்தோம். உங்கள் வீட்டிலும் மாடு இருக்கிறது, நோட்டுப் புத்தகம் இருக்கும். அந்த மாதிரி ஒன்றை எழுதி, நிரல்களைப் போட்டு வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் போடுங்கள். எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று நாலு வரி கூடவே எழுதுங்கள். இங்கிலீஷ் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாது. ஒப்பந்தத்தை முடிக்க அப்ரண்டிஸ் ஆலோசகர் வழியாகத்தான் போக வேண்டும். விதிமீறல் நம் பக்கம் என்றால் பயிற்சிச் செலவைக் கேட்கவும் வழி உண்டு. முழுசாக முடித்தால் வாரியம் கொடுக்கும் சான்றிதழை எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் அனுபவமாகப் பதியலாம்.

ஏற்கெனவே அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் மெசேஜ்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, அப்பாவோடு நேரில் போய் எழுத்தில் திரும்பக் கேளுங்கள். சர்டிபிகேட் அவர்கள் கையில் இருந்தால் அதை முதலில் வாங்குங்கள், பணம் அடுத்து. தர மறுத்தால் அன்றைக்கே போலீஸில் புகார் கொடுங்கள்.