தொழுநோயும் கண்ணும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பா ஒரு வருட மாத்திரையை முடித்துவிட்டார். இப்போது தூங்கும்போது இடது கண் பாதி திறந்தே இருக்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கிருமி செத்த பிறகும் நரம்பு வீங்கலாம். இமையை மூடும் தசையை இயக்குவது முக நரம்பு. அது பாதிக்கப்பட்டால் கண் மூடாது. எப்போது தொடங்கியது? ஆறு மாதத்துக்குள் என்றால் பிரெட்னிசோலோன் என்ற, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுத்து நரம்பை மீட்க வாய்ப்பு உண்டு, இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். பழையது என்றால் அறுவை சிகிச்சை இருக்கிறது. இமை ஓரங்களைச் சேர்த்துத் தைத்து இடைவெளியைக் குறைப்பார்கள். இல்லையென்றால் நெற்றிப்பொட்டில் இருக்கும் மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையை இமைக்குக் கொண்டுவருவார்கள். அப்புறம் பல்லைக் கடித்தால் கண் மூடும், அதற்குப் பழக வேண்டும். அதுவரை பகலில் கண்ணாடி, இரவில் டாக்டர் தரும் களிம்பு.

கேள்வி: எனக்கும் மூடுவதில்லை. ஆனால் வலி, உறுத்தல் எதுவும் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கருவிழிக்கு உணர்ச்சி தருவது வேறொரு நரம்பு. அதுவும் போயிருந்தால் தூசி விழுந்தாலும் தெரியாது, இமைக்கவும் தோன்றாது. புண் வந்து தழும்பாகிப் பார்வை போகும். தினமும் காலையில் கண்ணாடியில் பாருங்கள், சிவப்போ வெள்ளைப் புள்ளியோ தெரிந்தால் அன்றே கிளம்புங்கள்.

கேள்வி: மேலே கேட்டவரைப் பயமுறுத்துகிறீர்கள். என் மாமாவுக்குப் பல வருடமாக இப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: மாமா நலமாக இருப்பதில் சந்தோஷம். அவர் கருவிழியில் உணர்ச்சி இருந்திருக்கலாம். கண்ணை மூட முயலும்போது விழி மேலே உருண்டு இமைக்குள் ஒளிந்திருக்கலாம். அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இருக்காது.

கேள்வி: அப்படியானால் அவரைச் சோதிக்க வேண்டாம்தானே?

பதில்: வேண்டும். தூங்குவதுபோல மெல்லக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இடைவெளியில் கருவிழி தெரிந்தால் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தெரியாவிட்டாலும் கருவிழி உணர்ச்சியை டாக்டர் ஒருமுறை பார்க்கட்டும். உங்கள் மாமாவை வைத்து இன்னொருவரின் கண்ணை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: தொட்டால் பரவுமா?

பதில்: சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து பரவாது.

கேள்வி: கண் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது. 'மெட்ராஸ் ஐ' என்று மெடிக்கலில் சொட்டு மருந்து தந்தார்கள்.

பதில்: தொழுநோய் வந்தவருக்கு இப்படி என்றால் கண்ணுக்குள் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண்பாப்பாவின் ஓரம் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். இன்றே போங்கள். ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். புண் இருந்தால் அது இன்னும் மோசமாகும், கண் அழுத்தமும் ஏறும்.

கேள்வி: தாய்ப்பால், விளக்கெண்ணெய்?

பதில்: கண்ணில் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: உதிர்ந்த புருவம் வளருமா?

பதில்: பெரும்பாலும் தானாக வளராது. தலைமுடியை எடுத்து நடலாம். பார்வைக்கு ஆபத்தில்லை.

கேள்வி: சர்க்கரையால் விழித்திரை பாதித்தால்?

பதில்: விழித்திரை நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: கண்புரை ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: தாராளமாக. முதலில் அழற்சி அடங்க வேண்டும். இமை மூடாவிட்டால் அதைச் சரிசெய்த பிறகு புரையை எடுங்கள்.