கேள்வி–பதில்: கழுதையில் வந்த போப்

கேள்வி: போப் ஆனதும் ஏன் சொந்தப் பெயரை விட்டுவிடுகிறார்கள்?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: 533-இல் தேர்வானவரின் பெயர் மெர்க்குரியஸ். ரோமாபுரியின் பழைய தெய்வம் ஒன்றின் பெயர் அது. அதோடு இராயப்பரின், அதாவது இயேசுவின் சீடர் பேதுருவின், இருக்கையில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? இரண்டாம் யோவான் என்று வைத்துக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமாகிவிட்டது. 1555-இல் இரண்டாம் மார்செல்லஸ் ஞானஸ்நானப் பெயரையே வைத்துக்கொண்டார். பாவம், மூன்று வாரம்தான் இருந்தார். அதற்குப் பிறகு யாரும் சொந்தப் பெயரில் இல்லை.

கேள்வி: போப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கர்தினால்களை எதற்காக உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: இத்தாலியில் விட்டெர்போ ஊர்க்காரர்களுக்குப் பொறுமை போனதால். 1268 நவம்பரில் போப் நான்காம் கிளமெந்து இறந்தார். அந்த ஊரில் கூடிய கர்தினால்கள் 1271 செப்டம்பர் வரை முடிவெடுக்காமல் இழுத்தார்கள். சோறு போட்டு அலுத்த ஜனங்கள் அவர்களை மாளிகைக்குள் அடைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கூரையையே பிரித்துவிட்டார்கள். அப்படித் தேர்வான பத்தாம் கிரகோரி 1274-இல் அதையே சட்டமாக்கினார்: மூன்று நாளில் முடியாவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம், அதற்கு மேலும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், கொஞ்சம் திராட்சை ரசம். சட்டத்தைக் கர்தினால்களுக்குப் பிடிக்குமா? 1276-இலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதன் விளைவு அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: ராஜினாமா செய்த முதல் போப் பதினாறாம் பெனடிக்ட்தானே?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: இல்லை. 2009 ஏப்ரலில் இத்தாலியில் லாக்குயிலா நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. பார்க்கப் போன பெனடிக்ட், கொலெமாஜோ கோயிலில் ஒரு கண்ணாடிப் பேழையின் மேல் தன்னுடைய பாலியத்தை, அதாவது போப் தோளில் அணியும் கம்பளிப் பட்டையை, வைத்துவிட்டு வந்தார். பேழைக்குள் இருப்பவர் 1294-இல் பதவியை விட்டவர். பெனடிக்ட் விலகியது 2013-இல்.

(நடுவில், 1415-இல், பன்னிரண்டாம் கிரகோரியும் விலகினார். ஆனால் அது மூன்று பேர் ஒரே நேரத்தில் 'நானே போப்' என்று நின்ற காலம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க விலகினார். அது வேறு கதை.)

பேழைக்குள் இருப்பவர் பியெத்ரோ, மொரோனே மலையில் தனியாகத் தவம் செய்தவர். 1292-இல் போப் இறந்தபோது கர்தினால்கள் பன்னிரண்டு பேர். ஒர்சினி குடும்பம் ஒரு பக்கம், கொலோன்னா குடும்பம் ஒரு பக்கம். பூட்டிவைக்கும் சட்டமும் இல்லை. இரண்டு வருடம் மூன்று மாதம் ஓடிவிட்டது. 'கடவுள் கோபம் சும்மா விடாது' என்று மலையிலிருந்து இந்தச் சந்நியாசி எழுதிய கடிதம் வந்தது. 'அப்படியானால் இவரையே போடுவோம்' என்றார்கள். புத்தி சொல்லப் போனவர் தலையிலேயே கட்டுவது எல்லாச் சங்கத்திலும் நடப்பதுதானே!

எண்பதை ஒட்டிய கிழவர். லாக்குயிலாவுக்குக் கழுதையில் வந்தார். நேப்பிள்ஸ் ராஜாவும் அவர் மகனும் கடிவாளம் பிடித்தார்கள். ஐந்தாம் செலஸ்தீன் என்று பெயர். ராஜா அவரை ரோமுக்கு விடாமல் நேப்பிள்ஸில் தன் கோட்டைக்கே கூட்டிப்போனார். அங்கே ஓர் அறைக்குள் பலகையால் சின்னக் குடில் கட்டிக்கொண்டு இவர் செபத்தில் உட்கார்ந்துவிட்டார். நிர்வாகம் என்னவாகும்? ஒரே பதவியை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்த கூத்தெல்லாம் நடந்தது. நல்ல மனிதர், மோசமான போப். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் அவருக்கே அது தெரிந்திருந்தது. கர்தினால்களைப் பூட்டிவைக்கும் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். போப் விலகலாம் என்றும் ஆணையிட்டார். டிசம்பர் 13 அன்று மோதிரத்தையும் போர்வையையும் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மொத்தம் ஐந்து மாதம் எட்டு நாள்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் பொருளாளர் பதவியை விட்டேன். கணக்கு நோட்டை ஒப்படைத்து ஒரு வருடம் ஆன பிறகும், மோட்டார் ஓடவில்லை என்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். செலஸ்தீனுக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. அடுத்து வந்தவர் எட்டாம் போனிபாஸ், சட்டம் கரைத்துக் குடித்தவர். எதிரிகள் கிழவரை மறுபடி போப் என்று கிளப்பிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். மலைக்குத் தப்பி ஓடி, கடல் தாண்டிவிடலாம் என்று பார்த்தவரைப் பிடித்து, ஃபுமோனே கோட்டையில் காவலில் வைத்தார். 1296 மே 19 அன்று கிழவர் அங்கேயே இறந்தார்.

1313-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அதிலும் அரசியல்தான்: போனிபாஸ் மேல் தீராத பகை கொண்டிருந்த பிரான்ஸ் ராஜா நான்காம் பிலிப், 'இவரை வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர், என்று அறிவியுங்கள்' என்று நெருக்கினார். அறிவித்தால் போனிபாஸ் கொலைகாரர் ஆகிவிடுவார் இல்லையா? அப்போதைய போப் ஐந்தாம் கிளமெந்து நழுவிக்கொண்டார். வேதசாட்சி என்றும் சொல்லவில்லை, போப் செலஸ்தீன் என்றும் சொல்லவில்லை. மொரோனே பியெத்ரோ என்று மலையில் இருந்தபோதுள்ள பெயரிலேயே பட்டம் கொடுத்தார்.