வாசகர் கேள்வி பதில்: துவக்கைப் பொதி கட்டும்போது

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய பாணித் துவக்கை, குழல் வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கும் வகை, கொழும்பில் வீடு கட்டியிருக்கும் சின்னம்மா மகனுக்குத் தபாலில் அனுப்ப நினைக்கிறோம். நாலரை அடி நீளம். அலங்காரத்துக்குச் செய்தது, சுடாது. உடையாமல் எப்படிக் கட்டுவது?
- வாசகி, அப்புத்தளை

பதில்: சுடாது என்பதை முதலில் கண்ணால் பாருங்கள். குதிரை, அதாவது விசையை இழுத்தால் சுத்தியல்போல் அடிக்கும் பாகம், வந்து விழும் இடத்தில், குழலின் பின்முனைப் பக்கவாட்டில், ஒரு சிறு துளை இருக்கும். அலங்காரப் பொருளில் அது பெரும்பாலும் வெறும் குழிதான். ஊசி உள்ளே இறங்கினால் சுடக்கூடியதென்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தபால் பேச்சே வேண்டாம், பொலிஸ் நிலையத்தில் போய்ப் பேசுங்கள். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வெறும் மாதிரிதான் என்றாலும், பெட்டியை மூடுவதற்கு முன்பே தபால் கந்தோரில் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். 'மரச்சாமான்' என்று எழுதி ஒட்டுவது வம்பு.

இனிக் கட்டுவது. இந்தத் துவக்குகள் உடைவது ஒரே இடத்தில்தான்: குதிரை பொருந்தியிருக்கும் பூட்டுக்குப் பின்னால், கை பிடிக்கும் மெல்லிய கழுத்தில். முன்னால் இரும்புக் குழலின் பாரம், பின்னால் கட்டையின் பாரம், நடுவில் அந்த ஒல்லி மரம். பெட்டி ஒருமுறை விழுந்தால் போதும். ஆகவே கழுத்தை இறுக்கிக் கட்டக்கூடாது. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, குழல் நுனிப்பக்கம் ஒன்று என மூன்று பலகைத் தாங்கிகளை வளைத்து வெட்டி, கம்பளித் துணி ஒட்டி, அவற்றின்மேல் துவக்கைப் படுக்க வையுங்கள்.

மருந்து இடிக்கும் கோலைக் கழற்றித் தனியாகச் சுற்றிப் பெட்டியோடு கட்டுங்கள். துவக்கிலேயே செருகி விட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வழுக்கிப்போய்ப் பெட்டியின் முனையைக் குத்தித் துளைத்துவிடும். குதிரையின் வாயில் சக்கிமுக்கிக் கல் இருந்தால் அதையும் எடுங்கள். குதிரை கீழே இறங்கியே இருக்கட்டும்.

பெட்டி துவக்கைவிட ஆறு அங்குலம் நீளம், முனைக்கு மூன்று அங்குலம் வீதம். அந்த இடத்தில் ரெஜிபோம் துண்டுகளை இறுக்கி அடையுங்கள். கடதாசியைக் கசக்கி வைத்தால் பயணத்தில் அமுங்கிவிடும். மூடிக்கு ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள்: ஆணி அடிக்கும் அதிர்ச்சியே கழுத்துக்குக் கேடு, திறப்பவரும் நெம்பமாட்டார். மூடியபின் தூக்கி ஆட்டிப் பாருங்கள். கடகட என்று கேட்டால் திரும்பத் திறக்க வேண்டியதுதான்.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், பித்தளையில் பச்சை பிடிக்கும். இரும்புக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பருத்தித் துணியில் தொட்டு. அதன்மேல் நேராக பிளாஸ்டிக் சுற்றவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். பெட்டி போய்ச் சேர்ந்தவுடன் திறக்கவும் கூடாது. அப்புத்தளைக் குளிரில் இருந்த இரும்பு கொழும்புப் புழுக்கத்தைத் தொட்டால் வியர்த்துத் துருவேறும். ஒரு இரவு மூடியே வைத்துவிட்டுக் காலையில் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய லயத்துக் கூரையைக் கழற்றும்போது ஒரு துவக்கு கிடைத்தது. குதிரை இடப்பக்கம் இருக்கிறது. உள்ளே மருந்து இருக்குமா?
- வாசகர், பசறை

பதில்: இருக்கும் என்றே எண்ணி நடங்கள். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கழித்தும் பற்றும். உள்ளே மருந்து கிடக்கிறதா என்பதை, கோலைக் குழலுக்குள் விட்டு ஆழம் அளந்து அறிவார்கள்: அந்த அளவை வெளியே குழலோடு வைத்துப் பார்த்தால் கோலின் முனை பக்கத் துளைவரை எட்ட வேண்டும், இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் ஏதோ அடைந்திருக்கிறது. அந்த அளவை எடுப்பது உங்கள் வேலையல்ல. குதிரையைத் தொடாமல், வாய் யார் பக்கமும் திரும்பாமல், கிடக்கும் இடத்திலேயே விட்டுப் பொலிசை வரச்சொல்லுங்கள். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

இடப்பக்கப் பூட்டு கண்டிக் காலச் சிங்களத் துவக்குகளின் அடையாளம். பிடியின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருந்தால், தொல்பொருள் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பழங்காலப் பொருளென்று அவர்கள் கண்டால், அனுமதியின்றி நாட்டைவிட்டு அனுப்ப முடியாது.