பாவ அறிக்கைக்கு ஏன் இந்த இனிமை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தஞ்சாவூரில் லுத்தரன் சபையில் வளர்ந்தவள் நான். திடப்படுத்தல் வகுப்பில் எங்கள் போதகர் இரட்சிப்பின் படிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போடுவார்: அழைப்பு, மனந்திரும்புதல், மறுபிறப்பு, நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல், மகிமைப்படுதல். மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். ஆனால் எனக்குள் எதுவும் அந்த வரிசைப்படி நடந்ததாகத் தெரியவில்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் தேவாலய இசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, பல பகுதிகளாக அமைந்த வழிபாட்டுப் பாட்டுகளான அவருடைய கன்டாட்டாக்களைக் கேட்டுவருகிறேன். ஒன்றில், 'என் இதயம் இரத்தத்தில் நீந்துகிறது' என்று ஒரு பெண்குரல் அழத் தொடங்கி, பாவத்தை அறிக்கையிட்டு, கடைசியில் துள்ளாட்டம் போடுகிறது. அதே கரும்பலகைப் பட்டியல் இசையாகவும் வந்து நிற்கிறதே என்று ஏமாற்றமாக இருந்தது. எல்லாம் கிருபை என்றால் மனிதன் ஏறுவதற்குப் படிகள் எதற்கு? பரிசுத்தமாகுதலும் மகிமையும் ஏன் அந்தப் பாட்டில் இல்லை? சபைக்கு வெளியே இருக்கும் உங்களைப் போன்றவர்கள் இதில் எதைத்தான் கேட்கிறீர்கள்?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கன்டாட்டாவின் சொற்கள் உங்கள் போதகரின் பட்டியலோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன. இசைதான் ஒத்துப்போக மறுக்கிறது. சொற்கள் ஒரு படியில் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே இசை அடுத்த படிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. நீங்கள் சொற்களின் கையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஏமாற்றம் அதனால் வந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். அதன் வேர் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. 'எவர்களை முன்குறித்தாரோ அவர்களை அழைத்துமிருக்கிறார். எவர்களை அழைத்தாரோ அவர்களை நீதிமான்களாக்கியுமிருக்கிறார். எவர்களை நீதிமான்களாக்கினாரோ அவர்களை மகிமைப்படுத்தியுமிருக்கிறார்.' மனிதன் செய்ய வேண்டியது என்று இதில் ஒன்றுமே சொல்லப்படவில்லை. இடையில் மனந்திரும்புதலையும் மறுபிறப்பையும் மற்றவற்றையும் சேர்த்து, 'இரட்சிப்பின் ஒழுங்கு' என்று தலைப்பிட்டுப் பாடமாக்கியவர்கள் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய லுத்தரன் இறையியலாளர்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறையில், விட்டன்பர்கில் கற்பித்த குவென்ஸ்டெட், மறுபிறப்பும் நீதிமானாக்கப்படுதலும் கிறிஸ்துவோடு ஒன்றாதலும் ஒரே கணத்தில் நிகழ்பவை என்று திட்டவட்டமாக எழுதியிருக்கிறார். அதாவது, வரிசை நம் புத்திக்காகப் போட்டது, கடிகாரத்துக்காக அல்ல.

கடிகாரம் நுழைந்தது, உள்ளார்ந்த அனுபவத்தை வலியுறுத்திய லுத்தரன் பக்தி இயக்கத்தார் வழியாக. 1687இல் லூனெபர்கில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஒரு பிரசங்கத்துக்குத் தயார்செய்துகொண்டிருந்தார். பேச வேண்டிய விசுவாசம் தன்னிடமே இல்லையே என்ற கலக்கம் பிடித்துக்கொண்டது. முழங்காலில் விழுந்து ஜெபித்தார். கையைப் புரட்டுகிற நேரத்தில் சந்தேகம் அனைத்தும் நீங்கிற்று என்று பின்னர் எழுதினார். அவருக்கு நடந்தது அவருக்கு நடந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹாலே நகரில் அவரைச் சுற்றி வளர்ந்த இயக்கம், முதலில் மனப்போராட்டம், பிறகு திருப்பம், பிறகு ஆனந்தம் என்பதை எல்லோருக்குமான பாதையாகவே எதிர்பார்க்கத் தொடங்கியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்த ஹாலேயில் படித்தவர். உங்கள் வகுப்பறைக் கரும்பலகைக்கும் அந்த ஊருக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு உண்டு.

இனி பாட்டுக்கு வருவோம். சொற்களை எழுதியவர் டார்ம்ஸ்டாட் அரசவைக் கவிஞர் கேயார்க் கிறிஸ்டியன் லேம்ஸ். 1711இல் அச்சில் வந்தது. மறு ஆண்டே கிரௌப்னர் என்ற இன்னொரு இசையமைப்பாளர் அதற்கு இசையமைத்தார். பாக்கின் இசை 1714 ஆகஸ்ட் 12 அன்று வைமார் அரண்மனைத் தேவாலயத்தில் ஒலித்தது. அன்றைய சுவிசேஷப் பாடம் லூக்கா 18: தன்னை மெச்சிக்கொள்ளும் பரிசேயனும், வரி வசூலிக்கும் ஆயக்காரனும் ஜெபிக்கும் கதை. தூரத்தில் நின்று, வானத்தை அண்ணாந்து பார்க்கவும் துணியாமல் மார்பில் அடித்துக்கொண்ட அந்த ஆயக்காரன்தான் இங்கே பாடுவது. ஒரே ஒரு சோப்ரானோ (மேல்ஸ்தாயி) குரல், ஓபோ என்ற ஊதுகுழல் ஒன்று, தந்தி வாத்தியங்கள். மொத்தம் 25 நிமிடம் போல இருக்கும்.

பேச்சுபோலப் பாடப்படும் தொடக்க ரெசிடடிவ் உங்கள் நினைவில் இருக்கும். பாவம் தன்னைக் கடவுளின் கண்ணில் ஓர் அரக்கனாக்கிவிட்டது என்கிறது குரல். அடுத்து வரும் ஆரியாவில், அதாவது முழுமையான தனிப்பாட்டில், 'வாய் அடைத்துப்போயிற்று, மௌனப் பெருமூச்சுகளே நீங்களாவது என் வலியைச் சொல்லுங்கள்' என்று வார்த்தை கெஞ்ச, சொல்லும் வேலையை ஓபோ எடுத்துக்கொள்கிறது. சோகச் சாயல் கொண்ட சி மைனர் ஸ்வரவரிசையில் அந்த ஓபோ வளைந்து வளைந்து இறங்குவதைக் கேட்டால் குரலே தேவையில்லை என்று தோன்றும். நடுவில் ஓரிடத்தில் பாட்டு பொறுக்க மாட்டாமல் உடைந்து சில வரிகள் வெறும் பேச்சாகிவிடுகின்றன: 'ஆ தேவனே, உம்மை யாரால் திருப்திப்படுத்த முடியும்?' பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓபோ பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. அழுது தீர்த்தால் விடிவு வரும் என்று நினைப்பவருக்கு இது நல்ல பதில். அழுகை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

மூன்றாவது பகுதியில் ஆயக்காரனின் ஒற்றை வாக்கியம் வருகிறது: 'தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.' அதைத் தொடர்ந்து வரும் ஆரியாதான் என்னை இந்தக் கன்டாட்டாவிடம் திரும்பத் திரும்ப இழுப்பது. சொற்களை மட்டும் பாருங்கள்: 'ஆழக் குனிந்து, மனம் நொந்து, அன்புள்ள தேவனே, உம் முன் கிடக்கிறேன். என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். என்னிடம் பொறுமையாயிரும்.' பட்டியலின்படி இது மனந்திரும்புதல். மன்னிப்பு இன்னும் வரவில்லை, கேட்கப்படுகிறது, அவ்வளவுதான். இதற்கு எந்த இசையமைப்பாளரும் இன்னொரு மைனரைத்தான் தேடிப் போவார். பாக் வெளிச்சமான ஈ ஃபிளாட் மேஜருக்குப் போகிறார்.

தந்தி வாத்தியங்கள் மூன்று அட்சர நடையில், அகலமாக, அவசரமே இல்லாமல் விரிகின்றன. குரல் குனிகிறது, அதன் கீழே தரை இதமாக இருக்கிறது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சி மைனரும் ஈ ஃபிளாட் மேஜரும் ஏறக்குறைய அதே ஸ்வரங்களைக் கொண்டவை. ஆதார ஸட்ஜம் மட்டும் இடம் மாறுகிறது. நடபைரவியின் காந்தாரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் சங்கராபரணம் கிடைக்கிற கிரகபேதம்தான் இது. முந்தைய ஆரியாவில் புலம்பலாகக் கேட்ட அதே ஸ்வரங்கள் இங்கே அடைக்கலமாகக் கேட்கின்றன. பாவி மாறவில்லை, குற்றம் குறையவில்லை, நிற்கும் இடம் மாறியிருக்கிறது. பாடுகிறவளுக்கோ அது இன்னும் தெரியாது. 'பொறுமை' என்ற சொல்லில் பாக் வேகத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விடுகிறார். பாடுகிறவள் பொறுமையை வேண்டிக்கொண்டிருக்கிறாள். இசை அந்தப் பொறுமையை ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கிறது.

'எல்லாம் கிருபை என்றால் படிகள் எதற்கு' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த ஆரியாவுக்குள் இருக்கிறது. மொழியால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். ஆகவே போதனை எப்போதும் படிக்கட்டாகிவிடுகிறது. இசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலே ஒருத்தி 'குற்றவாளி' என்று பாட, கீழே வயலின்கள் 'மன்னிக்கப்பட்டாய்' என்று வாசிக்கலாம், ஒரே அட்சரத்தில். ஒருவன் ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியும் என்று லூத்தர் சொன்னதை வாதமாகப் படிக்கும்போது எனக்கு அது சாமர்த்தியமான முரணாகத்தான் தெரிந்தது. இங்கே அது காதில் விழுகிறது.

அடுத்து அரை நிமிடம்கூட வராத ஒரு ரெசிடடிவ். இந்த வேதனையில் ஓர் ஆறுதல் வார்த்தை நினைவுக்கு வருகிறது என்று குரல் அறிவிக்கிறது. இப்போது வானத்திலிருந்து கடவுளின் குரல் வரப்போகிறது என்று எதிர்பார்ப்போம். வருவதோ சபையார் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய ஞானப்பாட்டின் மூன்றாம் சரணம். யோஹான் ஹேர்மன் 1630இல் எழுதியது: 'துயருற்ற உம் பிள்ளை நான், என் பாவங்கள் அத்தனையையும் உம் ஆழ்ந்த காயங்களுக்குள் எறிகிறேன்.' அதுவரை தனக்கென்றே ஒரு மொழியில் தவித்த குரல், இங்கே தன் சொந்தச் சொற்களைக் கைவிட்டு ஊரார் பாடும் மெட்டைச் சாதாரணமாகப் பாடுகிறது. பக்கத்தில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நீதிமானாக்கப்படுதல் என்கிற, பட்டியலிலேயே கனமான படி இதுதான். அதில் பாவி செய்வதெல்லாம், பிறர் ஏற்கெனவே பாடி வைத்த ஒன்றைத் தானும் பாடுவது. பிராங்கேயின் அறைக்குள் நடந்த தனிமைப் போராட்டத்திலிருந்து இது வெகுதூரத்தில் இருக்கிறது.

ஓர் இடைக்குறிப்பு. வைமார் தேவாலயத்தை 'விண்ணகக் கோட்டை' என்று அழைத்தார்கள். இசைக்குழுவின் இடம் உச்சியில், கூரையை ஒட்டி இருந்தது. எனவே 'ஆழக் குனிந்து கிடக்கிறேன்' என்ற பாட்டு கீழே உட்கார்ந்திருந்த கோமகனின் தலைமேல் உயரத்திலிருந்து வந்து விழுந்திருக்கும். அந்தக் கட்டடம் 1774இல் எரிந்துபோயிற்று.

இன்னொரு சம்பவமும் இதோடு சேர்ந்தே எனக்கு நினைவு வரும். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மனமாற்றம் 1738 மே 24 இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி இருக்கையில் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்தது என்று மெத்தடிஸ்டுகள் கொண்டாடுகிறார்கள். ஆனால் அன்று பிற்பகலில் புனித பவுல் பேராலயத்தில் 130ஆம் சங்கீதத்தைப் பாடக் கேட்டதையும் வெஸ்லி தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார்: ஆழங்களிலிருந்து கூப்பிடுகிற அதே சங்கீதம். இரவுக் கணத்துக்கு முன்பே ஏதோ தொடங்கிவிட்டிருந்தது. பிற்பாடு 1780இல் அவர் வெளியிட்ட பெரிய பாட்டுப் புத்தகத்தை உண்மையான கிறிஸ்தவர்களின் அனுபவ வரிசைப்படி அடுக்கினார். அதில் துக்கிப்பவர்களுக்கும் களிகூருபவர்களுக்கும் இருப்பதுபோலவே பின்வாங்கிப்போனவர்களுக்கும் தனிப் பகுதி உண்டு. உங்கள் கரும்பலகையில் அந்தப் படி இல்லை என்று ஊகிக்கிறேன்.

இனி, சபைக்கு வெளியே இருப்பவன் எதைக் கேட்கிறான் என்பது. காயங்களுக்குள் பாவத்தை எறிவது எனக்கு நம்பிக்கையாக இல்லை. அப்படி இருப்பதாகப் பாசாங்கு செய்யவும் மாட்டேன். ஆனால் ஒரு மன்னிப்பு, கேட்பவருக்குத் தெரிவதற்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கலாம் என்பது எனக்குப் புரிகிறது. வாதத்தால் என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்க முடியாது.

கடைசி ஆரியா 12/8 தாளத்தில் ஒரு ஜிக் நடனம். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. நீங்கள் சொன்ன துள்ளாட்டம். ஆனந்தம் இத்தனை குறுகியதா என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதன் அளவு சரியாகவே படுகிறது. பரிசுத்தமாகுதல் ஏன் இல்லை என்றால், அது 25 நிமிடத்தில் அடங்கும் விஷயம் அல்ல. 1723 ஆகஸ்டில், அதே ஆயக்காரன் பாடம் வரும் ஞாயிறன்று, பாக் இந்தக் கன்டாட்டாவை லைப்சிக்கில் மறுபடி எடுத்தார். திருச்சபை ஆண்டு ஒரு சக்கரம். நீதிமானாக்கப்பட்டவள் மறு ஆண்டு வந்து மறுபடி 'என் இதயம் இரத்தத்தில் நீந்துகிறது' என்றுதான் தொடங்குவாள்.

மகிமைக்கு நீங்கள் வேறிடம் போக வேண்டும்: பாக் தம் கடைசி ஆண்டுகளில் பூர்த்தி செய்த பி மைனர் மாஸ் என்ற திருப்பலி இசை. விசுவாசப் பிரமாணத்தின் இறுதியில் 'மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்நோக்கியிருக்கிறேன்' என்ற வாக்கியத்தை பாக் இரண்டு முறை அமைத்திருக்கிறார். முதல் முறை மிக மெதுவாக, எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்றே தெரியாமல், ஒவ்வொரு அடியும் தவறிவிடுமோ என்று தடவிப்போகிற இசையில். உடனே, அதே சொற்கள், ட்ரம்பெட்களும் முரசும் முழங்க டி மேஜரில். முதல் தடவை அந்த மெதுவான பகுதியை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். ட்ரம்பெட் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி பின்னால் போங்கள். கேட்டபின் எழுதுங்கள், முடிந்தால் உங்கள் போதகரையும் கேட்கச் சொல்லி.