இவன் என்ன வேலை செய்கிறான்?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் படம் என்றார்களே என்று போனேன். முழுக்கக் கட்சிப் பிரச்சாரம். கலை வேறு, அரசியல் வேறு இல்லையா? இதற்கெல்லாம் விருது வேறு. பிரச்சாரம் இல்லாத தொழிலாளர் படங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஓர் ஆம்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விருதை விடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் ‘கலை வேறு, அரசியல் வேறு’ என்று ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2015 ஜனவரி கடைசியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அரசியலைத் தொடாமல் இதை எந்தக் கலை சொல்லிவிடும்?

உங்களுக்கு உறுத்தியது வேறு என்று நினைக்கிறேன். படம் எடுத்தவருக்கு ஆலை வேலை தெரியவில்லை.

என் பெரியப்பா பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் கழன்றதும் எடுத்துச் சதை சீவ வேண்டும். நகக்கண்ணெல்லாம் அரித்துப்போய், சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது கையை உதறுவார். அவர் என்னை டூரிங் டாக்கீஸுக்குக் கூட்டிப்போன ஒரு படத்தில், கதாநாயகன் சட்டை கசங்காமல் ஆலை வாசலில் நின்று முதலாளியைக் கிழிகிழியென்று கிழித்தான். கொட்டகையே விசிலடித்தது. பெரியப்பா மட்டும் என் பக்கம் திரும்பி, “இவன் ஷாப்புல இன்னா வேலைடா செய்றான்?” என்றார். படம் முடியும்வரை அது தெரியவே இல்லை.

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்து 1925இல் வெளிவந்த ‘வேலைநிறுத்தம்’ படமும் பச்சைப் பிரச்சாரம்தான். முதலாளிகள் எல்லாம் சுருட்டும் தொப்பையுமாக வருகிறார்கள். ஆனால் போராட்டம் எதில் வெடிக்கிறது பாருங்கள். நுணுக்கமாக அளக்கும் ஒரு மைக்ரோமீட்டர் காணாமல் போகிறது. பழி ஒரு தொழிலாளி மேல் விழ, நான் திருடன் இல்லை என்று எழுதிவைத்துவிட்டு அவன் ஆலைக்குள்ளேயே தூக்குப் போட்டுக்கொள்கிறான். ஒரு சின்னக் கருவி தொலைந்தால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தவர் எடுத்த காட்சி அது. உங்கள் பிரிவில் ஒரு கத்தரிக்கோல் காணாமல் போனால் எந்தப் பெண்ணின் பையை முதலில் கொட்டிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொட்டச் சொல்வதே நீங்களாகவும் இருக்கலாம். கோபிக்காதீர்கள், யோசியுங்கள்.

சரி, படம் கேட்டீர்கள். இதையே பாருங்கள். ஊமைப்படம், பாஷை தடையில்லை. கடைசியில் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளும்போது நடுநடுவே மாடு அறுப்பதைக் காட்டுவார். அதை உவமை என்று உலகமே கொண்டாடுகிறது. பச்சைத் தோல் லாரி லாரியாக வந்து இறங்கும் ஊரில் அது எப்படிப் படும் என்று எனக்கு வெகுநாளாக யோசனை. தனியாகப் பார்க்காமல், உங்கள் பிரிவுப் பெண்களோடு உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள்.