கேள்வி–பதில்: சர்வர்களுக்கு ஒயின் ஊர்கள்

கேள்வி: புதுச்சேரியில் ரெஸ்டாரன்ட் நடத்துகிறோம். மெனுவில் பிரெஞ்சு, ஸ்பானிய ஒயின்கள் உண்டு. பிரான்ஸ் வரைபடத்தை மாட்டி, ஒயின் விளையும் பகுதிகளைப் பற்றி சர்வர்களுக்கு வகுப்பு எடுத்தோம். ஒரே வாரத்தில் மறந்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில்: வரைபடத்தைக் கழற்றி வையுங்கள். உங்கள் மெனுவில் இல்லாத ஊரைப் பற்றி இப்போதைக்குப் பேச்சே வேண்டாம். பிரெஞ்சு லேபிள்களில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. சர்வர்கள் தடுமாறுவது இங்கேதான். “எனக்கு ஷார்டனே பிடிக்காது, ஷாப்ளி கொண்டு வாங்க” என்பார் வாடிக்கையாளர். ஷாப்ளியே ஷார்டனே திராட்சையில் செய்வதுதான்! (அவரைத் திருத்தப் போக வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள்.)

முதல் வகுப்புக்கு இரண்டே பாட்டில் போதும்: சாதாரண ஷாப்ளி ஒன்று, ஓக் மரப் பீப்பாயில் வைத்த கலிஃபோர்னியா ஷார்டனே ஒன்று. எது எதுவென்று சொல்லாமல், பெக் மெஷரில் அளந்து ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 30 மி.லி. ஊற்றுங்கள். எட்டுப் பேருக்கு 240 மி.லி. ஆகும். 750 மி.லி. பாட்டிலில் மிச்சமிருப்பதை 150 மி.லி. வீதம் மூன்று கிளாஸாக அன்று மாலையே விற்றுவிடலாம். ஷிஃப்டுக்கு முன் நடக்கும் வகுப்பு என்பதால் சுவைத்துவிட்டுத் துப்ப ஆளுக்கொரு பேப்பர் கப் அவசியம். குடிக்காதவர்களை வற்புறுத்தாதீர்கள், முகர்ந்தாலே நிறையத் தெரியும்.

ஷாப்ளி, பிரான்ஸின் பர்கண்டி பகுதியின் வடகோடி. குளிரில் திராட்சையின் புளிப்பு அவ்வளவாகக் குறையாது. பெரும்பாலும் ஓக் வாசமும் இருக்காது. கலிஃபோர்னியா வெயிலில் சர்க்கரை கூடுதலாக ஏறி, ஆல்கஹாலும் கூடும். இரண்டு லேபிளிலும் உள்ள சதவீதத்தை அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். வெனிலா வாசம் பீப்பாய் கொடுத்தது.

வகுப்பு சொதப்புவது பெரும்பாலும் குளிர்ச்சியால்தான். ஃப்ரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து அப்படியே ஊற்றினால் வாசம் எழாது, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 10–12 டிகிரிக்கு வரட்டும். ரெட் ஒயினுக்கு நேர்மாறு: ‘அறை வெப்பநிலை’ என்று ஐரோப்பாவில் சொல்வது 16–18 டிகிரி. நம் ஊர் வெக்கைக்கு, பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கடைசியில் ஒவ்வொருவரும் தன் வாயால் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும்: “ஷாப்ளி நல்லா புளிப்பா இருக்கும் சார், வறுத்த மீனுக்கு சரியா இருக்கும்.” எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு வாரம் கழித்து நீங்களே வாடிக்கையாளராக உட்கார்ந்து, “சான்சேர் தீர்ந்துடுச்சா? வேற என்ன இருக்கு?” என்று கேளுங்கள். சான்சேரும் ஒரு பிரெஞ்சு ஊர்ப் பெயர்தான். வெள்ளை சான்சேர் என்றால் சோவின்யோன் பிளாங் திராட்சை என்று தெரிந்தவர், நாசிக் சோவின்யோன் பிளாங்கைத் தயங்காமல் நீட்டுவார்.

கேள்வி: புய்யி-ஃபூமே, புய்யி-ஃபுயிசே என்று இரண்டு பிரெஞ்சு ஒயின்கள்: சர்வர்கள் பாட்டிலை மாற்றி எடுத்து வருகிறார்கள்.

பதில்: ஃபூமே லுவார் ஆற்றங்கரை ஒயின், சோவின்யோன் பிளாங். ஃபுயிசே தெற்கு பர்கண்டி, ஷார்டனே. பில்லிங் மெஷினிலும் மெனுவிலும் ஊர்ப் பெயரோடு திராட்சையின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்பெயினின் ரியோஹா பகுதி ஒயினில் ‘ரிசர்வா’ ஏன் விலை அதிகம் என்று கேட்டால்?

பதில்: காத்திருப்புக்குத்தான் காசு. ரெட் ஒயினில் கிரியான்ஸா என்று போட குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ரிசர்வா என்று போட 3 ஆண்டு. இரண்டிலும் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். கிரான் ரிசர்வா 5 ஆண்டு, அதில் பீப்பாயில் மட்டும் குறைந்தது 2. இது ரியோஹாவின் விதி. அமெரிக்க லேபிளில் ‘ரிசர்வ்’ என்று போட்டிருந்தால் அதற்கு இப்படிப்பட்ட சட்டக் கணக்கு கிடையாது, சர்வர் அதைச் சொல்லி விற்கக் கூடாது.