84 கிலோ லிட்டர் எப்படி வந்தது?

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். நல்ல தண்ணி நாலைந்து நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது, மற்றதெல்லாம் போர் தண்ணிதான். அப்படியும் இந்த முறை இரண்டு மாதத்துக்கு 84 கிலோ லிட்டர் என்று தண்ணி பில் வந்திருக்கிறது. ஆபீஸில் கேட்டால் "மீட்டர் காட்டுதுங்க, நாங்க என்னங்க பண்றது" என்கிறார்கள். மீட்டரை எப்படிச் சோதிப்பது? பணத்தைக் குறைப்பார்களா? (ஊர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: 84 கிலோ லிட்டர் என்றால் 84,000 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் அரசு வைத்திருக்கும் அளவு. அதைப் பிடித்துக் கணக்குப் போட்டாலே நான்கு பேருக்கு இரண்டு மாதத்துக்கு 32 கிலோ லிட்டர்தான் வரும். போர் தண்ணியும் புழங்கும் வீட்டில் 84 வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மீட்டர் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். நான்கைந்து பில்லில் ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்திருந்தால், யாரும் மீட்டரைப் பார்க்காமல் சராசரி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போது உண்மையாகவே ரீடிங் எடுத்ததும் விட்டுப்போன மாதங்கள் எல்லாம் மொத்தமாக ஒரே பில்லில் விழுந்துவிடுகிறது. அளவு கூடக் கூட லிட்டருக்கான விலையும் ஏறும் படிநிலைக் கட்டணம் உங்கள் ஊரில் இருந்தால், உதாரணத்துக்கு ஆறு மாதத் தண்ணியை இரண்டு மாதத் தண்ணியாகக் கணக்கிட்டு மேல் படி விலையைப் போட்டிருப்பார்கள். 84-ஐ ஆறால் வகுத்தால் மாதம் 14, இரண்டால் வகுத்தால் 42. எனவே மனுவில் "தண்ணி அதிகம் காட்டுகிறது" என்று மட்டும் எழுதாமல், மொத்த அளவை மாதவாரியாகப் பிரித்து, அந்தந்த மாதத்துப் படியில் விலை போட்டு, ஏற்கெனவே கட்டிய சராசரித் தொகையைக் கழித்துத் தரும்படி கேளுங்கள். பெரும்பாலான பில் சண்டைகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

மீட்டர் முகத்தையும் ஒரு தரம் பாருங்கள். கறுப்பு எண்கள் கிலோ லிட்டர், சிவப்பு எண்கள் அதற்குக் கீழே உள்ள லிட்டர். சிவப்பையும் சேர்த்து எழுதிவிட்டால் பில் எங்கேயோ போய்விடும்.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் தண்ணி வரும் நாளில் தரைத்தொட்டியை வைத்துச் சோதிக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, மீட்டரைப் போனில் படம் எடுத்து, ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி உள்ளளவில் 6 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் ஒரு அடி உயர்ந்ததும் 30 கன அடி, அதாவது சுமார் 850 லிட்டர். மீட்டர் 870 காட்டினால் விட்டுவிடுங்கள், குச்சி அளவிலேயே அவ்வளவு பிசகும். 1,000 காட்டினால் விடாதீர்கள். இந்தியத் தரமான ஐஎஸ் 779-இன்படி புது மீட்டரில் வழக்கமான ஓட்டத்துக்கு இரண்டு சதவீதமும், மிகக் குறைந்த ஓட்டத்துக்கு ஐந்து சதவீதமும்தான் கூடவோ குறையவோ காட்டலாம்.

தேய்ந்த மீட்டர் பொதுவாகக் குறைத்துத்தான் காட்டும். கூட்டிக் காட்டுகிறது என்றால் உள்ளே துளைகளில் மண்ணோ உப்போ அடைத்து, தண்ணி வேகமாகப் பீய்ச்சிச் சக்கரத்தை அடிக்கலாம். இல்லாவிட்டால் காற்று. நம்ம பக்கம் குழாய் பல நாள் காலியாகக் கிடப்பதால், தண்ணி வருவதற்கு முன் புஸ்ஸென்று வரும் காற்றே சக்கரத்தைச் சுற்றிவிடுகிறது. குழாயில் சொட்டுத் தண்ணி இல்லாதபோது மீட்டர் ஓடுவதை வீடியோ எடுத்து மனுவோடு கொடுத்து, தெரு மெயின் லைனில் காற்று வால்வு வைக்கச் சொல்லுங்கள், அது அவர்கள் வேலை. லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அது விதிப்படி தப்பு, பக்கத்து வீட்டுக்காரர் தண்ணியைப் பிடுங்குவது, அதோடு காற்றையும் இழுத்து உங்கள் பில்லையே ஏற்றும்.

மீட்டரை நீங்களே கழற்றாதீர்கள். சீல் உடைந்தால் பழி உங்கள் மேல் வரும். உங்கள் முன்னிலையில் கழற்றி, குறைந்த, நடுத்தர, அதிக ஓட்டம் மூன்றிலும் சோதித்து அறிக்கை தரும்படி எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கோவையில் இருந்து பாலக்காடு போகும் வழியில், வாளையாறு தாண்டியதும் கஞ்சிக்கோட்டில் மத்திய அரசின் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மீட்டர் சோதனை அங்கே நடக்கிறது. முடிவு வரும்வரை பில்லைக் கட்டாமல் விடாதீர்கள், வழக்கமான தொகையை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டுங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, ஒரு வருட ரீடிங்கையும் எடுத்த தேதிகளையும் கேளுங்கள். 30 நாளில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எட்டு லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். மேல்தொட்டியில் இருந்து போகும் லைனில் வீட்டுக்கு ஒரு மீட்டர் வைத்தும், எட்டையும் கூட்டினால் மெயின் மீட்டரைவிடக் குறைவாகவே வருகிறதே? (வாசகர், திருப்பூர்)

பதில்: சொட்டுச் சொட்டாகப் போகும் தண்ணியைச் சின்ன மீட்டர் பிடிக்காது. அதனால் கொஞ்சம் குறைவது இயல்புதானுங்க. மொத்தப் பில்லை எட்டு ரீடிங்கின் விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால், குடியிருப்பவர்களைக் கேட்பதற்கு முன் மேல்தொட்டி நிரம்பி வழிகிறதா, தரைத்தொட்டியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.